கயிறு விற்கிறவனின் பின்சக்கரம்

பின்சக்கரத்தில் காற்று இறங்குவது காதுக்குத் தெரியாது, இடுப்புக்குத்தான் முதலில் தெரியும். வண்டி வாலை ஆட்டும். நல்ல தார்ச்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போதே சேற்றில் போவதுபோலப் பின்பக்கம் இப்படியும் அப்படியும் இழுக்கும். ரோடு சரியில்லை போல என்று ஒரு முப்பது அடிக்கு நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம். அப்புறம் ரிம் தரையில் இடிக்கிற சத்தம் கேட்கும். சரி, இறங்கு.

நான் இறங்கியது வாலிநோக்கம் விலக்கிலிருந்து ஊருக்குப் போகிற சாலையில். கத்திரி வெயில் காலம், வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டரை மணி. இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, வருகிறேன்.

என் தொழில் வலைச் சாமான். நைலான் நூல், ரோப்பு, மிதவை, ஈயக்குண்டு. ராமநாதபுரத்திலிருந்து கிளம்பி கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று கரையோரமாகப் போய்ச் சரக்குக் கொடுத்துவிட்டு, பழைய பாக்கியை வசூல் செய்து, புது பாக்கியை எழுதிக்கொண்டு திரும்புவேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். அவர்களுக்கு வருமானமில்லாத அந்த ரெண்டு மாதம்தான் எனக்கு சீசன். படகைக் கரையில் ஏற்றிவிட்டு வலையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடை கிடையாது என்றாலும் ஊரே வலை பார்க்கும்போது அவர்களும் பார்ப்பார்கள். அதனால் மே மாதத்தில் என் ஸ்பிளெண்டரின் பின்சீட்டில் எப்போதும் ஓர் ஆள் எடைக்குச் சரக்கு இருக்கும். ஈயக்குண்டு மூட்டை பார்க்கத் தலையணை அளவுதான். தூக்கிப் பார்த்தால் தெரியும்.

இந்தப் பக்கம் முள்ளில் ரெண்டு சாதி. ஒன்று உடைமுள். குடையை விரித்து நட்டுவைத்ததுபோல நிற்கும் மரம், அதில் வெள்ளை வெள்ளையாக நீளமாக இருக்கும். அது நியாயமான முள். கண்ணுக்குத் தெரியும், குத்தினால் அப்படியே டயரில் நிற்கும், பிடுங்கலாம். இன்னொன்று சீமைக்கருவேலம், நாங்கள் கருவை என்போம். மாவட்டம் முழுக்க அதுதான் நிற்கிறது, அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்களும் நிறைய. அதைக் குறை சொல்லி இங்கே யாரும் பேச முடியாது. ஆனால் வெட்டின விறகை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போகும்போது ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மிளாறு ஒடிந்து ஒடிந்து சாலையில் விழும். ரெண்டு நாள் வெயிலில் காய்ந்தால் ஆணிதான். டயருக்குள் ஏறும், ஏறின வேகத்தில் வெளியே இருக்கிற பாதி ஒடிந்து போய்விடும். மேலிருந்து பார்த்தால் டயர் சுத்தமாக இருக்கும். உள்ளே முனை உட்கார்ந்திருக்கும்.

எனக்கும் சுத்தமாகத்தான் தெரிந்தது. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. ஏர்வாடி முக்கில் எனக்கு வாடிக்கையான பஞ்சர் கடை பாய் ஒருவர் உண்டு, அவருக்குப் போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. மூன்றாவது தடவை அடித்தபோதுதான் வெள்ளிக்கிழமை என்று ஞாபகம் வந்தது. ஜும்ஆவுக்குப் போயிருப்பார். தொழுதுவிட்டு வீட்டில் சாப்பிட்டுவிட்டு வர ரெண்டரை மணி ஆகும். பிரியாணி என்றால் மூன்று.

தள்ளலாம் என்று நினைத்தேன். இதில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். சரக்கை இறக்காமலே தள்ளினேன். காற்றில்லாத டயரை எடையோடு உருட்டினால் டயர் மட்டும் ரிம்மில் வழுக்கி நகரும், கூடவே டியூபையும் இழுக்கும். ஆனால் டியூபின் மவுத்து, அதாவது காற்றடிக்கிற வாய், ரிம்மில் இருக்கிற ஓட்டையில் மாட்டிக்கொண்டிருக்கிறது, அது எங்கே நகரும்? அடியோடு பிய்ந்து வரும். முள் குத்தின ஓட்டையை ஒட்டலாம், மவுத்து பிய்ந்தால் டியூபைக் குப்பையில்தான் போடவேண்டும். கொஞ்ச தூரம் போனபிறகு கீழே பார்த்தேன், மவுத்து சாய்ந்து நின்றது. அப்போதுதான் புத்தி வந்து நிறுத்தினேன். மூட்டையை இறக்கி, சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஒரு கருவை மரத்தடியில் உட்கார்ந்தேன். கருவை நிழல் எப்படி என்றால், சல்லடையைத் தலைக்கு மேல் பிடித்ததுபோல. அந்தப் பக்கம் உப்பளம் கண்ணைக் கூசவைத்தது. கச்சான் காற்று ஓயாமல் அடித்து வாயெல்லாம் உப்பும் மண்ணும்.

கால் மணி நேரத்தில் ஒரு எக்ஸ்எல் மொபெட் வந்தது. முன்னால் நிற்கிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடை, பின்னால் மீன் பெட்டி, பக்கவாட்டில் கைப்பம்பு ஒன்றை டியூப் துண்டால் கட்டிவைத்திருந்தது. ஓட்டி வந்தவருக்கு எழுபது இருக்கும். தாண்டிப் போய், நிறுத்தி, காலாலேயே பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்னப்பு, காத்து போச்சா?"

"ஆமாங்கய்யா. பாய் கடை பூட்டியிருக்கு."

"பம்பு இருக்கு. ஒட்டுறதுக்கு வச்சிருக்கியா?"

என்னிடம் ஒன்றுமில்லை. அவருடைய கூடையில் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் பசை டியூப் ஒன்று கிடந்தது, அழுத்திப் பார்த்தார், காய்ந்து கல்லாகியிருந்தது. அதைத் தூக்கி எறியாமல் திரும்பக் கூடையிலேயே போட்டார். அதன் மேல் ஏதோ நம்பிக்கை போல.

"மூட்டையில என்ன?"

"கயிறுங்கய்யா. வலைக்கயிறு, நூலு, ஈயம்."

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "கயித்த வச்சிக்கிட்டா இப்படி உக்காந்திருக்க?"

எனக்குப் புரியவில்லை. கயிறு கட்டி வண்டியை இழுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

சக்கரத்தைக் கழற்றவே இல்லை அவர். செயின் கவர் பக்கமாக உட்கார்ந்தார். அந்தப் பக்கம் சைலன்சர் கிடையாது, கை வெந்துபோகாது. மவுத்தின் பூட்டு நட்டைக் கழற்றி, மிச்சமிருந்த காற்றையும் விட்டு, டயரின் ஓரத்தைச் செருப்புக் குதிகாலால் சுற்றிச் சுற்றி மிதித்தார். ரிம்மோடு ஒட்டியிருந்த டயர் உள்ளே இறங்கியது. பழைய லாரிப் பட்டையில் அடித்த ரெண்டு லிவர் வைத்திருந்தார். ஒன்றை மாட்டி நெம்பி ஸ்போக்ஸில் சொருகிவிட்டு, ஒரு சாண் தள்ளி அடுத்ததை மாட்டினார். லிவரை ஆழமாக விட்டால் டியூபைக் கவ்விக்கொள்ளும், பஞ்சர் பார்க்கப் போய் நாமே ஒரு பஞ்சர் போடுவோம் என்று சொல்லிக்கொண்டே நெம்பினார். டயரின் ஒரு பக்கம் மட்டும் வெளியே வந்தது. டியூபை உருவினார். மவுத்து இருக்கிற இடத்தை விட்டுவிட்டு மற்றதெல்லாம் குடல்போலத் தொங்கியது.

ஓட்டையைத் தேடியதுதான் கொஞ்சம் சிரமம். டியூபில் காற்றடித்தால் உஸ் என்று கேட்கும், ஆனால் அந்தக் காற்றில் என் பேச்சே எனக்குக் கேட்கவில்லை. அவர் டியூபைக் கன்னத்துப் பக்கத்தில் வைத்து மெதுவாக நகர்த்தினார். காதை விடக் கன்னத்துக்குச் சீக்கிரம் தெரியுமாம், அதுவும் வியர்த்த கன்னம் என்றால் இன்னும் சீக்கிரம். ஓரிடத்தில் நிறுத்தி எச்சில் தொட்டு வைத்தார். சின்னதாக ஒரு முட்டை கிளம்பியது.

நான் உடனே கட்டிவிடுவார் என்று நினைத்தேன். அவர் டியூபைக் கீழே விட்டுவிட்டுத் தோளிலிருந்த துண்டை எடுத்து டயரின் உட்புறத்தில் விட்டுத் தடவ ஆரம்பித்தார்.

"ஓட்டைய அடைக்கிறது அப்புறம். குத்துனவன் உள்ளயே இருந்தா? நீ அடச்சுட்டுப் போவ, அவன் திரும்பக் குத்துவான்."

கையால் தடவினால் விரலில் ஏறும், அதனால் துண்டு. ஒரு சுற்று வந்து முக்கால்வாசியில் துண்டு மாட்டியது. அந்த இடத்தை வெளிப்பக்கமிருந்து பிதுக்கி, பல் குத்தி அளவுக்கு இருந்த கருப்பு முனையை என் சாவிக்கொத்திலிருந்த நகவெட்டியால் பிடுங்கினார். அதோடு நிற்காமல் இன்னொரு சுற்று துண்டை ஓட்டினார். இன்னொன்று இருந்தது. அது டியூப் வரைக்கும் போகவில்லை, போகிற வழியில் இருந்தது.

அப்புறம் கட்டு. ஓட்டை இருக்கிற இடத்தை நடுவில் வைத்து டியூபை ரெண்டு விரலால் கிள்ளித் தூக்கினார், குழந்தையின் காதைப் பிடித்துத் தூக்குவதுபோல. அந்தக் காது முழுவதும் வெளியே நிற்க, அதன் அடியில், பம்பைக் கட்டியிருந்த டியூப் துண்டில் ஒரு பட்டை கிழித்து முதலில் ரெண்டு சுற்று சுற்றினார். அதன் மேல் என் மூட்டையிலிருந்து எடுத்த நைலான் நூலை இழுத்து இழுத்துச் சுற்றினார். பத்துச் சுற்று. ரப்பர் இல்லாமல் நூலை மட்டும் சுற்றினால் நூலே டியூபை அறுத்துவிடும் என்றார். கடைசியில் போட்டது வலை முடிச்சு, வலைக் கண்ணுக்குப் போடுகிற அதே முடிச்சு. அதை ஒருமுறை எச்சிலால் நனைத்து இறுக்கினார்.

இருபது வருஷமாக நூல் விற்கிறேன். அந்த முடிச்சு எனக்குப் போட வராது.

டியூபை உள்ளே திணித்து, டயரை ஏற்றி, காற்றடித்தோம். அவர் பம்பில் மோட்டார் சைக்கிள் மவுத்துக்குப் பொருந்துகிற முனை இருந்தது. சைக்கிள் பம்பாக இருந்திருந்தால் பிடிக்காது, சைக்கிள் வால்டியூப் வேறு மாதிரி. மாற்றி மாற்றி இருநூறு அடிக்கு மேல் அடித்திருப்போம். பம்பின் அடிப்பக்கம் தொட முடியாமல் சுட்டது. விரலால் குத்திப் பார்த்துப் போதும் என்றார். கல் மாதிரி ஏற்றினால் கட்டு தாங்காது, தளர்வாகவும் விடக்கூடாது, ஓட்டும்போது ஒரு டக் டக் கேட்கும், அது கட்டு உருள்கிற சத்தம், பயப்படாதே. இருபதுக்கு மேல் போகாதே. சரக்கு என் பெட்டியில் வரட்டும்.

ஊருக்குள் போனதும் நூறு ரூபாய் நீட்டினேன். கையை ஓங்கிவிட்டார். "காசா? சீ, எடுப்பு." சரி, பெரிய மனுஷன் என்று நெகிழ்ந்துபோய் நின்றேன். அடுத்த நிமிஷம் மூட்டையைப் பிரித்து, அவருக்கு வேண்டிய நூல் ரெண்டு கட்டும் ஈயம் நாலு கிலோவும் எடுத்துவைத்துக்கொண்டு பேரம் ஆரம்பித்தார் பாருங்கள். அன்றைக்கு அந்த நாலு கிலோ ஈயத்தில் எனக்கு லாபம் ஒன்றுமில்லை. நூறு ரூபாயை வாங்கியிருந்தால் எனக்கு மிச்சம்.

இனிமேல்தான் நான் சொல்ல வெட்கப்படுகிற பகுதி.

அந்தக் கட்டு ஊர் போய்ச் சேருவதற்காகப் போட்டது. மூன்று மணிக்கு பாய் கடை திறந்துதான் இருந்தது. கடை வாசலில் தொங்குகிற டயரில் சுண்ணாம்பால் 'பஞ்சர்' என்று எழுதியிருப்பது தெரிந்தது, பாய் கையைத் தூக்கி சலாம் சொன்னார், நானும் சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டேன். ஏனென்றால் காற்று இறங்கவில்லை. மறுநாள் காலையில் அழுத்திப் பார்த்தேன், இறங்கவில்லை. மூன்றாம் நாள் பெட்ரோல் பங்கில் காற்றுப் பார்த்தபோது ரெண்டு பாயிண்ட்தான் குறைந்திருந்தது. டக் டக் சத்தமும் பழகிவிட்டது. வேகத்தை இருபதிலிருந்து முப்பது, முப்பதிலிருந்து நாற்பது ஆக்கினேன். கீழக்கரையில் ஒருவரிடம் இந்தக் கட்டைப் பற்றிப் பெருமையாகச் சொல்லி, என் நூலின் தரத்துக்கு அதை விளம்பரமாகவும் ஆக்கினேன். பதினோரு நாள்.

பன்னிரண்டாம் நாள் ராத்திரி எட்டரை மணிக்குத் திருப்புல்லாணி தாண்டி டப் என்று வெடித்தது. இந்த முறை வால் ஆட்டவில்லை, வண்டியே பக்கத்தில் சாய்ந்தது. வேகம் குறைவாக இருந்ததால் முழங்கை சிராய்ப்போடு போயிற்று. லிவரும் பம்பும் அதற்குள் வாங்கி வைத்திருந்தேன், அந்த அளவுக்கு புத்தி இருந்தது. டியூபை உருவிப் பார்த்தால், கட்டு அப்படியே இருக்கிறது, முடிச்சு அவிழவே இல்லை. கட்டின் பக்கத்திலிருந்து டியூப் ஒரு முழத்துக்குக் கிழிந்திருந்தது. கட்டின இடம் விரியாது, அதன் பக்கத்து இடம் அதற்கும் சேர்த்து விரியும். வெயிலில் தார் கொதிக்கிற சாலையில் பதினோரு நாள் விரிந்து விரிந்து நைந்துவிட்டது. ஒட்டுப் போட அங்கே ஒன்றுமே மிச்சமில்லை.

பக்கத்தில் ஒரு வீட்டில் விளக்கு எரிந்தது, முற்றத்தில் வைக்கோல் படப்பு. டயருக்குள் வைக்கோல் திணித்து ஓட்டிய கதைகளைச் சின்ன வயதில் மாமா சொல்லிக் கேட்டிருக்கிறேன். கதவைத் தட்டினேன். ஒரு அம்மா வந்தார்.

"அக்கா, கொஞ்சம் வைக்கோல் வேணும்."

"மாட்டுக்கா?"

"வண்டிக்கு."

குடித்திருக்கிறேனா என்று பார்த்தார். வண்டியைக் காட்டி விளக்கினதும் சிரித்துவிட்டு, படப்பில் இழுத்துக்கொள்ளச் சொன்னார். அவர் மகன் டார்ச் பிடித்தான். திருப்புல்லாணியில் ராமர் கடலரசனிடம் வழி கேட்டு தர்ப்பைப் புல்லைப் பரப்பிப் படுத்திருந்தார் என்பது ஐதீகம், கோயிலில் அந்தக் கோலத்திலேயே இருக்கிறார், ஊர் பெயரும் புல் அணையிலிருந்து வந்ததுதான் என்பார்கள். அந்த ஊர் எல்லையில் நான் புல்லை டயருக்குள் பரப்பிக்கொண்டிருந்தேன். எனக்கும் வழிதான் வேண்டியிருந்தது.

வைக்கோல் திணிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: நீங்கள் நினைப்பதைவிட நாலு மடங்கு வேண்டும். முறுக்கிப் பிரி மாதிரி ஆக்கி, லிவரால் குத்திக் குத்தி இறுக்க வேண்டும். ஒரு கன்றுக்குட்டி ரெண்டு நாள் தின்னக்கூடியது உள்ளே போனது. அப்படியும் நடக்கிற வேகம்தான், மிஞ்சினால் சைக்கிள் வேகம். திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டு நழுவப் பார்க்கும். வழியில் வேகத்தடை வந்தபோதெல்லாம் இறங்கித் தள்ளினேன். பாதி தூரத்தில் வைக்கோல் கருகுகிற வாசம் வந்தது, நிறுத்தி ஆறவிட்டேன். பத்து கிலோமீட்டரைக் கடக்க ஒன்றே முக்கால் மணி நேரம். வீட்டுக்கு வந்து டயரைப் பிரித்தால் உள்ளே வைக்கோல் இல்லை, தவிடு மாதிரி ஒன்று கொட்டியது.

மறுநாள் பஸ்ஸில் சக்கரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஏர்வாடி முக்குக்கே போனேன். ராமநாதபுரத்தில் கடை இல்லாமலா? இருக்கிறது. ஆனால் சில வருஷத்துக்கு முன்னால் ஒரு கடையில் ஒரு முள்ளுக்கு மூன்று ஒட்டு போட்டுக் காசு வாங்கினார்கள். மற்ற ரெண்டு ஓட்டையும் லிவர் பட்ட தடம் என்று பின்னால்தான் தெரிந்தது. அதிலிருந்து பாயைத் தவிர யாரிடமும் என் சக்கரத்தைக் கொடுப்பதில்லை.

பாய் ஒன்றும் சொல்லாமல் டயரைக் கழற்றி வைத்துவிட்டு, டியூபைப் பார்க்காமல் ரிம்மைப் பார்த்தார். உட்புறம் முழுக்கத் துரு, பொரியல் சட்டியில் ஒட்டின அடிப்பிடி மாதிரி. ஸ்போக்ஸ் தலைகளை மூடியிருக்க வேண்டிய ரப்பர் பட்டை ஓரிடத்தில் அறுந்து ஒதுங்கிக் கிடந்தது. அங்கே ரெண்டு ஸ்போக்ஸ் தலை கூராக நீட்டிக்கொண்டிருந்தது.

"முள்ளு குத்துனதுக்குக் கட்டு போட்டுட்டீங்க. இது உள்ள இருந்து குத்துதே, இதுக்கு என்ன போடுவீங்க?"

உப்புக் காற்றும் உப்புத் தண்ணீரும் சும்மா விடுவதில்லை. உப்பளத்துச் சாலையிலும் கடற்கரை மணலிலும் ஓடுகிற வண்டியில் ஸ்போக்ஸ் ஓட்டை வழியாக ஈரம் உள்ளே போகிறது, நாம் வெளிப்பக்கம் மட்டும் துடைத்துவிட்டு வண்டி சுத்தம் என்கிறோம். பாய் கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தார், நீட்டிய தலைகளை அரத்தால் மழுங்கடித்தார், புதுப் பட்டை போட்டார். புது டியூபை மாட்டும்போது கொஞ்சம் டால்கம் பவுடர் தூவினார், டயரோடு ஒட்டாமல் இருக்க. குழந்தைக்குக் குளிப்பாட்டிவிட்ட வாசம் வந்தது.

பழைய டியூபில் கிழியாத பக்கத்தை வைத்து எனக்கு ஒட்டுப் போடவும் சொல்லிக் கொடுத்தார். நான் இதுவரை வீட்டில் போட்ட ஒட்டெல்லாம் ஏன் பிய்ந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. உப்புத்தாளால் ஒட்டை விடக் கொஞ்சம் பெரிய வட்டமாகத் தேய்த்துப் பளபளப்பை எடுக்க வேண்டும். சொல்யூஷனை மெல்லிசாகத் தடவ வேண்டும். அப்புறம் சும்மா இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். நான் ஈரத்தோடு ஒட்டிவிடுவேன். பாய் தடவிவிட்டு ஒரு டீ குடிக்கிறார். விரல் வைத்தால் ஒட்டாமல், ஆனால் பிசுபிசு என்று இருக்கிற பதம் வந்தபிறகுதான் ஒட்டை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுத்தியலால் தட்டுகிறார். தேன்குழல் மாவுக்கு அம்மா பதம் பார்க்கிற மாதிரிதான்.

என் மச்சினன் டியூப்லெஸ் வண்டி வைத்திருக்கிறான், கோயம்புத்தூரில் வேலை. "இந்தக் காலத்தில் யார் மாமா டியூப் போடுறா" என்பான். போன டிசம்பரில் சிநேகிதர்களோடு தனுஷ்கோடி வந்தவன் அரிச்சல்முனையிலிருந்து போன் அடித்தான், டயரில் ஆணி, பிடுங்கட்டுமா என்று. பிடுங்காதே, தொடாதே, அப்படியே ஓட்டிக்கொண்டு வா என்றேன். டியூப்லெஸ்ஸில் குத்தின ஆணியே அடைப்பு, மெல்லக் கசியுமே தவிர ஒரேயடியாக இறங்காது. கையில் ஒட்டுத் திரி இல்லாமல் பிடுங்கினால்தான் போயிற்று. 1964 புயல் அழித்த ஊரைத் தாண்டி அரிச்சல்முனை வரை 2017இல் நல்ல சாலை போட்டுவிட்டார்கள். வழியில் மீன் வறுவல் கிடைக்கும், சங்கு, பாசிமாலை கிடைக்கும். பஞ்சர் கடை மட்டும் நான் பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் கடல். மச்சினன் ராமேஸ்வரம் வரை முப்பதில் ஓட்டி வந்து சேர்ந்தான். அதே ஆணி என் டயரில் ஏறியிருந்தால் நான் பாதி வழியில் உட்கார்ந்திருப்பேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் வண்டி மாதிரி ஸ்போக்ஸ் ரிம்மில் டியூப்லெஸ் நிற்காது, ஒவ்வொரு ஸ்போக்ஸும் ஒரு ஓட்டை. ரிம்மை மாற்றலாமே என்றால், பாக்கி வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் கொடுக்கட்டும், மாற்றுகிறேன்.

இப்போது வண்டியின் பக்கப் பெட்டியில் ரெண்டு லிவர், கைப்பம்பு, பிரிக்காத சொல்யூஷன், உப்புத்தாள், நாலு ஒட்டு, பழைய டியூப் பட்டை ஒரு முழம் இருக்கின்றன. மழைக்கோட்டுக்கு நடுவில் புது டியூப் ஒன்று சுற்றி வைத்திருக்கிறேன், இல்லையென்றால் லிவர் உரசி அதுவே ஓட்டையாகிவிடும். முள் பிடுங்க ஒரு சின்னக் குறடு. துண்டு தோளில் இருக்கிறது. பின்சக்கரத்தில் சரக்கோடு போகும்போது காற்று 35 பாயிண்ட் வைக்கிறேன், சரக்கு இல்லாமல் திரும்பும்போது இறக்க மறந்துவிடுகிறேன், முதுகு ஞாபகப்படுத்தும்.

ஜூன் கடைசியில் வாலிநோக்கம் போனபோது அந்தப் பெரியவர் கரையில் வலைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். என் நூல்தான். ஊசியை விட்டுக்கொண்டே கேட்டார்.

"கட்டு என்னாச்சுப்பு?"

"அன்னைக்கே மாத்திட்டேங்கய்யா."

அவர் நிமிர்ந்து என் முழங்கையைப் பார்த்தார். காயம் ஆறியிருந்தது, தோல் மட்டும் இன்னும் சிவப்பாக, புதிதாக இருந்தது. ஒன்றும் சொல்லாமல் மறுபடி குனிந்து ரெண்டு கண் பின்னினார். அப்புறம், ஈயம் கிலோ என்ன விலை இப்போ என்றார்.